பிளஸ் ஒன்ல 37, பிளஸ் டூல 82: இங்கிலீஷ் பேப்பரோட என் அனுபவம்

தமிழ் மீடியத்துல படிச்சுட்டு பிளஸ் ஒன் வந்து இங்கிலீஷ் புக்கைத் தொறந்ததும் வயிறு கலங்குற பசங்க நெறைய பேரு இருக்கீங்கன்னு தெரியும், உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். நான் வட சென்னை காசிமேடு. ஒம்போதாவது முடியுற நேரத்துல லாக்டவுன் போட்டாங்க, பத்தாவது 2021-ல ஆல் பாஸ்னு சொல்லிட்டாங்க, அதனால ஒரு பப்ளிக் எக்ஸாம் கூட எழுதாம நேரா பிளஸ் ஒன்ல வந்து உக்காந்த செட்டு நாங்க. வீட்டுல ஒரே போன்தான். நைனாவுக்கு சாரம் கட்டுற வேலை, காலைல போனையும் எடுத்துட்டுப் போயிடுவாரு, நைட்டு அவரு வந்தப்புறம்தான் மிஸ் அனுப்புன வீடியோவை பாப்பேன், பாதில தூங்கிடுவேன். செப்டம்பர் 2021-ல ஸ்கூல் தொறந்தப்ப எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், என்ன வாசிச்சேன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

அப்ப பக்கத்துல ஒரு டியூஷன்ல சேர்ந்தேன். அங்க இம்பார்ட்டன்ட் கொஸ்டின்னு ஒரு ஜெராக்ஸ் கட்டு குடுத்தாங்க, இதை மனப்பாடம் பண்ணா போதும், பாஸ்னு சொன்னாங்க. நானும் கமா ஃபுல்ஸ்டாப்போட மனப்பாடம் பண்ணேன். பிளஸ் ஒன் புக்குல மேரி கோம் பத்தி ஒரு பாடம் இருக்கு, குத்துச்சண்டை வீராங்கனை. எங்க ஏரியால பாக்ஸிங்ங்குறது தலைமுறை தலைமுறையா வர்ற விஷயம், எங்க சித்தப்பாவே சின்ன வயசுல கிளவுஸ் மாட்டுனவரு. ஆனா அந்தப் பாடத்தோட பதிலை மூணு மாசம் மனப்பாடம் பண்ண எனக்கு, அவரு வீட்டுல பேசுற பேச்சும் இந்தப் பாடமும் ஒண்ணுதான்னு ஒரு நாள் கூட தோணல. பப்ளிக்ல கேள்வியை கொஞ்சம் மாத்திக் கேட்டதும் கை அப்படியே நின்னுடுச்சு. ஜூன் மாசம் ரிசல்ட் வந்துச்சு, 37. அதுல 10 ஸ்கூல்லயே போடுற இன்டர்னல் மார்க், அப்ப 90-க்கு நான் எழுதி வாங்குனது வெறும் 27. பாஸ்தான், ஆனா அன்னைக்கு ராத்திரி அழுதுட்டேன்.

பிளஸ் டூல வந்த இங்கிலீஷ் மிஸ் முதல் வாரமே கைடை பைக்குள்ள வைக்க சொல்லிட்டாங்க. ஒவ்வொரு பாடம் முடிஞ்சதும் அது என்ன சொல்லுதுன்னு முதல்ல தமிழ்ல நாலு வரி சொல்லணும், அப்புறம் அதையே இங்கிலீஷ்ல அஞ்சு சின்ன வாக்கியமா எழுதணும். திருத்தும்போது வெர்பை மட்டும்தான் சுழிப்பாங்க. ஸ்பெல்லிங், அழகான வார்த்தை எதையும் கண்டுக்க மாட்டாங்க. ரெண்டு மாசம் வெர்ப் மட்டும் திருத்துனதுலயே என் வாக்கியம் நிமிர்ந்து நின்னுச்சு, இது சத்தியமான வார்த்தை. டென்ஸ் டேபிளை பத்து தடவை எழுதுறதை விட இது பல மடங்கு மேல்னு நான் நம்புறேன்.

கி. ராஜநாராயணனோட ‘நாற்காலி’ கதை பிளஸ் டூ இங்கிலீஷ் புக்குல ‘தி சேர்’னு மொழிபெயர்ப்பா இருக்கு. லைப்ரரியில தேடி தமிழ் கதையை எடுத்து முதல்ல அதைப் படிச்சேன். ஊருல யாரு செத்தாலும் சாவு வீட்டுக்கு அந்த நாற்காலியைத்தான் கேட்டு எடுத்துட்டுப் போவாங்கல்ல, அந்த இடத்தை தமிழ்ல படிச்சுட்டு இங்கிலீஷ்ல படிச்சப்ப ஒரு வரிக்குக் கூட டிக்‌ஷனரி தேடல. இங்கிலீஷ்ல ஒரு பாடத்தை கடைசி வரைக்கும் நானா படிச்சு முடிச்சது வாழ்க்கைல அதான் முதல் தடவை.

ஆனா என்னை முழுசா மாத்துனது தோரு தத்ங்குற வங்காளக் கவிஞர் எழுதுன ‘அவர் கேஷுவரினா ட்ரீ’ போயம்தான். மலைப்பாம்பு மாதிரி ஒரு கொடி மரத்தை சுத்திக்கிட்டு ஏறுது, உச்சில ஒரு குரங்கு சிலை மாதிரி உக்காந்திருக்குன்னு வரும். கேஷுவரினான்னா ஏதோ வெளிநாட்டு மரம்னு நெனச்சுட்டு இருந்தேன். மிஸ்தான் சொன்னாங்க, அது நம்ம சவுக்கு மரம்னு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. எங்க வீட்டு செவுத்துல சாத்தி வெச்சிருக்குறதே சவுக்குக் கட்டைதான், நைனா சாரம் கட்டுறது அதுலதான், சின்ன வயசுல அதுல ஏறி குந்திக்கினு இருந்தவ நான்.

அன்னைக்கு நைட்டு நைனா சாப்புட்டுட்டு இருந்தப்ப இதை சொன்னேன். அவரு, “பழவேற்காடு ரோட்டு பக்கம் சவுக்குத் தோப்பு கீதுமா, காத்து அடிச்சா உள்ள கடல் மாதிரியே சத்தம் வரும், எது கடலு எது மரம்னு தெரியாது”ன்னாரு. நான் அப்படியே புக்கை எடுத்துப் பாத்தேன். அந்த மரம் முணுமுணுக்குற சத்தம் கூழாங்கல் கரைல கடல் அலை உடையுற மாதிரி இருக்குன்னு தோரு தத் எழுதியிருக்காங்க. பள்ளிக்கூடம் பக்கமே அதிகம் போகாத எங்க நைனாவும், 1877-ல 21 வயசுலயே இறந்துபோன அந்தப் பொண்ணும் ஒரே சத்தத்தை கேட்டிருக்காங்க. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. செத்துப்போன கூடப்பொறந்தவங்க ஞாபகமாத்தான் அந்த மரத்தை அவங்க அவ்ளோ நேசிச்சாங்கன்னு மிஸ் சொன்னப்ப கிளாஸே அமைதியாயிடுச்சு.

அடுத்த டெஸ்ட்ல அந்தப் போயத்துல இருந்து ஈஆர்சி வந்துச்சு. நாலு வரியக் குடுத்து, எந்தப் பாட்டு, யாரு எழுதுனது, எந்த இடத்துல வருது, என்ன அர்த்தம்னு எழுதுற கேள்வி, 3 மார்க். சொந்தமா எழுதுனேன், மூணுக்கு மூணு போட்டிருந்தாங்க. அந்தப் பேப்பரை இன்னும் வெச்சிருக்கேன்.

அப்புறம் வேலை வேகமா நடந்துச்சு. அம்மா மீன் எடுக்க விடியகாலை மூணு மணிக்கு ஏலத்துக்குக் கெளம்புவாங்க, அப்ப நானும் எழுந்துடுவேன். ஆறு மணிக்கு மேல எங்க தெருவுல படிக்க முடியாது, அவ்ளோ சத்தம். 90 மார்க் எப்படி பிரியுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கங்க: ஒரு மார்க் கேள்வி 20, ரெண்டு மார்க் கேள்வி 7, மூணு மார்க் கேள்வி 7, அஞ்சு மார்க் கேள்வி 7. அந்த ஒரு மார்க் 20-ஐ தயவுசெஞ்சு கடைசில பாத்துக்கலாம்னு விடாதீங்க. சினானிம், ஆன்டனிம், கொஸ்டின் டேக், ஃப்ரேசல் வெர்ப், சென்டன்ஸ் பேட்டர்ன் எல்லாம் தினம் அரை மணி நேரம் போதும். பயோடேட்டாவோட வேலைக்கு அப்ளிகேஷன் எழுதுறது அஞ்சு மார்க், ஃபார்மட் கைக்கு வந்துட்டா அது உங்க மார்க்தான். நோட் மேக்கிங் எனக்கு கடைசி வரைக்கும் சரியா வரல, அதுக்கு பதிலா சாய்ஸ்ல சம்மரி எழுதிட்டேன். கைடு தப்புன்னு சொல்ல மாட்டேன், நீங்க சொந்தமா எழுதுனதுக்கு அப்புறம் ஒப்பிட்டுப் பாக்க எடுங்க, அதுக்கு முன்னாடி வேணாம்.

மார்ச் 2023-ல பப்ளிக். எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கேள்வித்தாள் படிக்க 10 நிமிஷம் தருவாங்க, அந்த நேரத்துல எந்த கேள்வியை விடப் போறேன்னு முடிவு பண்ணிட்டேன். ஒரு பேராகிராஃப் நான் எதிர்பார்க்காத மாதிரி வந்துச்சு, ஆனா கை நிக்கல, அஞ்சு சின்ன வாக்கியம், அப்புறம் இன்னும் அஞ்சு, அப்படியே எழுதிட்டுப் போனேன். மே 8 ரிசல்ட், இங்கிலீஷ் 82. நைனா அன்னைக்கு தண்டையார்பேட்டைல நாலாவது மாடி சாரத்து மேல இருந்தாரு, போன் பண்ணி சொன்னேன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் “அந்த சவுக்கு பாட்டு வந்துச்சாமா?”ன்னு கேட்டாரு.