ஊதாவின் பொருள் பிரிட்டனில்: குமரி மாவட்டத்திலிருந்து வருவோருக்கு

குமரி மாவட்டத்துக்காரருக்கு ஊதா என்றால் தோவாளைச் சந்தையில் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் வாடாமல்லி, நாக்கைக் கறையாக்கும் ஞாவல்பழம், தோல் சீவினால் உள்ளே நிறம் காட்டும் காச்சில் கிழங்கு, தவக்காலத்தில் பீடத்தில் விரிக்கும் துணி. நர்ஸ் வேலைக்கோ முதியோர் இல்ல வேலைக்கோ பிரிட்டன் வந்து சேர்ந்தபின் அதே நிறம் ரத்த மாதிரி எடுக்கும் குழாயின் மூடியிலும், பயன்படுத்திய ஊசியைப் போடும் டப்பாவின் மூடியிலும், பிஷப்பின் சட்டையிலும், மார்ச் மாதத்துப் பெண்கள் கூட்டத்திலும் எதிர்ப்படும். சில இடங்களில் அது பாதுகாப்பு விதி. தவறினால் நோயாளிக்கு ஆபத்து. சில இடங்களில் சபை வழக்கம். மற்ற இடங்களில் வெறும் நம்பிக்கை. தெரியாமல் போனாலும் யாருக்கும் நட்டமில்லை.

முதலில் ஆஸ்பத்திரி, ஏனென்றால் அங்கேதான் நிறத்தை நம்பிக் கை தானாக நகரும்.

ஊதா மூடி போட்ட ரத்த மாதிரிக் குழாயில் இருப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் சேர்ந்த இடிடிஏ. முழு ரத்த எண்ணிக்கை, சர்க்கரை நோய்க்கான எச்பிஏ1சி போன்ற சோதனைகளுக்கு அது. நாகர்கோவிலில் படித்தவர்களுக்கும் பழக்கமான மூடிதான். எடுத்ததும் மெதுவாக 8 முதல் 10 தடவை தலைகீழாகத் திருப்ப வேண்டும், குலுக்கக் கூடாது. திருப்பாவிட்டால் நுண்ணிய கட்டிகள் உண்டாகி பிளேட்லெட் எண்ணிக்கை குறைவாகக் காட்டும், லேப் மாதிரியைத் திருப்பி அனுப்பும். இதைவிடப் பெரிய சிக்கல் குழாய்களை நிரப்பும் வரிசையில் இருக்கிறது. நீல மூடி, பிறகு மஞ்சள் மூடி, அதற்குப் பின்தான் ஊதா, கடைசியில் சாம்பல் என்பது வழக்கமான ஒழுங்கு. ஊதாவை முதலில் நிரப்பிவிட்டு மஞ்சளுக்குப் போனால் ஊசி வழியாகச் சிறிதளவு இடிடிஏ மஞ்சளுக்குள் போய்விடும். சோதனையில் பொட்டாசியம் பொய்யாக ஏறியும் கால்சியம் பொய்யாக இறங்கியும் காட்டும். நோயாளிக்கு உண்மையிலேயே பொட்டாசியம் குறைந்திருந்தால் அந்தக் குறையே மறைந்து போகும். ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு ரத்தத்தை ஊற்றி நிரப்பினாலும் இதே கதிதான்.

இன்னொரு எச்சரிக்கை. பிரிட்டனில் எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே கம்பெனிக் குழாயை வாங்குவதில்லை. சார்ஸ்டெட் குழாய்களின் ஐரோப்பிய வண்ணமுறையில் இடிடிஏ மூடி சிவப்பு. வேலை மாறும்போது மூடியைப் பார்க்காமல் லேபிளைப் படிக்கும் பழக்கம் வேண்டும். ரத்த வகை பார்க்க அனுப்பும் இளஞ்சிவப்பு மூடிக் குழாயும் இடிடிஏதான். ஆனால் பல ஆஸ்பத்திரிகளில் அதன் லேபிளை நோயாளியின் பக்கத்தில் நின்றே கையால் எழுத வேண்டும், இல்லையென்றால் ரத்த வங்கி ஏற்காது.

பயன்படுத்திய ஊசியைப் போடும் மஞ்சள் டப்பாவில் மூடி ஊதாவாக இருந்தால், புற்றுநோய் மருந்துகளும் அவற்றைப் போல உயிரணுக்களைப் பாதிக்கும் மருந்துகளும் பட்ட ஊசிகளுக்கு மட்டும். சில ஹார்மோன் மருந்துகளும் இதில் சேரும். மருந்து படாத ஊசி ஆரஞ்சு மூடிக்குப் போகும், மற்ற மருந்து பட்டது மஞ்சள் மூடிக்கு. ஊதா மூடிக் கழிவு அதிக வெப்பத்தில் எரிக்கப்பட வேண்டியது. ஆரஞ்சில் போட்டுவிட்டால் எரிக்காமல் வேறு முறையில் பதப்படுத்திவிடுவார்கள், மருந்து அழியாது. மருந்து பட்ட கையுறை, ஏப்ரன் எல்லாம் ஊதாக் கோடு போட்ட மஞ்சள் பைக்கு. டப்பா முக்கால் பங்கு கோட்டைத் தொட்டதும் பூட்டிவிட வேண்டும்.

மூக்குக் குழாய், வயிற்றுக் குழாய் வழியாக உணவும் மருந்தும் கொடுக்கும் சிரிஞ்சு ஊதா. வாய்வழி மருந்து தவறி ரத்தநாளத்துக்குள் போய் உயிர் போன சம்பவங்களுக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. இந்த சிரிஞ்சின் முனை ரத்தநாள ஊசியில் பொருந்தாதபடி செய்யப்பட்டது. பொருந்தவில்லை என்றால் இடைத்துண்டு தேடக் கூடாது; பொருந்தாமல் இருப்பதுதான் அதன் வேலை. வார்டில் ஊதா சிரிஞ்சு தீர்ந்துவிட்டால் பக்கத்து வார்டில் கேளுங்கள், சாதாரண சிரிஞ்சில் வாய்வழி மருந்தை எடுக்காதீர்கள்.

முதியோர் இல்லத்தில் "என் பர்ப்பிள் இன்ஹேலரைத் தா" என்று மூச்சுத் திணறும் ஒருவர் கேட்டால் நிதானம் தேவை. ஊதா இன்ஹேலர் பெரும்பாலும் செரடைட். அது காலையும் மாலையும் எடுக்கும் தடுப்பு மருந்து, உடனடி நிவாரணத்துக்கு ஆகாது. திணறலுக்குப் பெரும்பாலானோருக்கு எழுதித் தந்திருப்பது நீல நிற சால்புட்டமால். நோயாளியின் திட்டத்தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக் கொடுங்கள். செரடைட் எடுத்ததும் வாய் கொப்பளிக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் வாயில் பூஞ்சைப் புண் வரும்.

அவசர நேரத்தில் என்னென்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நோயாளியோடு பேசி எழுதும் ரெஸ்பெக்ட் படிவமும் ஊதாதான். அது நோயாளியோடு பயணம் செய்ய வேண்டிய தாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அதை ஃபைலுக்குள் விட்டுவிட்டால், நோயாளி வேண்டாமென்று சொன்னதையே அடுத்த இடத்தில் செய்துவிடுவார்கள்.

பெரிய சமையல்கூடங்களில் ஊதா வெட்டுப்பலகை ஒவ்வாமைப் பொருள் சேராத உணவுக்கு. அதில் நிலக்கடலை, மீன், மாவு எதுவும் படக் கூடாது. கழுவிவிட்டு வேறு வேலைக்கு எடுப்பதும் கூடாது.

பிரசவ வார்டிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் தொட்டிலில் ஊதா வண்ணத்துப்பூச்சி ஒட்டியிருந்தால், இரட்டையரில் அல்லது மூவரில் ஒரு குழந்தை இறந்திருக்கிறது என்று அர்த்தம். பார்க்க வரும் நம்மவர்கள் அன்போடு கேட்கும் முதல் கேள்வியே "ஒண்ணுதானா, ரெண்டா?" என்பது. அந்தத் தொட்டில் அருகே அதைக் கேட்காதீர்கள். "ஒண்ணாவது கெடைச்சுதே, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்பதும் வேண்டாம். ஊரில் அது ஆறுதல். இங்கே அந்தத் தாய்க்கு இறந்த குழந்தையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது போல ஆகும். இறந்த குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசலாம். பெற்றோர் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள்.

கோவிலுக்கு வருவோம். கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்களிலிருந்து வரும் கத்தோலிக்கருக்கு இங்குள்ள பூசையில் நிறம் குழப்பாது. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் ஊதா, பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவின் தோளில் ஊதாப் பட்டை, பெரிய வெள்ளிக்குச் சிவப்பு. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு முதல் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடும் வழக்கம் பல பங்குகளில் உண்டு. திருவருகை வளையத்தில் மூன்று ஊதா மெழுகுதிரி, ஒரு ரோஸ் நிறத் திரி. ரோஸ் மூன்றாம் ஞாயிறுக்கு.

சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையார் ஆங்கிலிக்கன் கோவிலுக்குப் போனால்தான் வித்தியாசம் தெரியும். லெந்து (தவக்கால) நாள்களில் ஊதாவை எதிர்பார்த்துப் போகும்போது சாயமிடாத லினன் துணி விரித்திருக்கலாம். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அப்படித்தான். அது ஊதாவுக்கு முந்தைய பழைய இங்கிலாந்து வழக்கத்தின் தொடர்ச்சி. அட்வென்ட் (திருவருகை) வளையத்தில் நாலு திரியும் சிவப்பாக வைக்கும் சபைகளும் உண்டு. எதுவும் பிழையில்லை. கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு ஊதாச் சட்டை போட்டவரைக் கண்டால் அவர் பிஷப்; "பிஷப்" என்று மட்டும் அழைத்தால் போதும், அதுவே மரியாதை. நாகர்கோவிலில் பேராயர் வந்தால் சபையே எழுந்து நிற்கும். இங்கே அவர் தேநீர்க் கோப்பையோடு உங்கள் பக்கத்தில் வந்து உட்காருவார்.

லெந்தின் நாலாம் ஞாயிறு இங்கே அன்னையர் ஞாயிறு. கோவிலில் பிள்ளைகளுக்குச் சிறு பூங்கொத்து கொடுத்துத் தாயிடம் கொடுக்கச் சொல்வார்கள். பிரிட்டனின் அன்னையர் தினம் இதுதான், மே மாதம் அல்ல. பள்ளிப் பிள்ளைகள் அட்டை செய்துவரும் நாளும் இதுவே.

தவக்காலத்தோடு ஒட்டிய ஒரு நம்பிக்கை இத்தாலியர்களிடம் இருக்கிறது. நாடகக்காரர்களும் பாடகர்களும் மேடையில் ஊதா அணிய மாட்டார்கள். பழைய காலத்தில் தவக்கால ஊதா வந்தால் நாடகசாலைகளை மூடிவிடுவார்கள், நடிகருக்கு வருமானம் நின்றுவிடும். இத்தாலிய நண்பரின் முதல் மேடைக்கு ஊதாப் பூங்கொத்து வேண்டாம். தென் அமெரிக்காவின் பெரு நாட்டிலிருந்து வந்தவர்களுக்கோ அக்டோபர் மாதமே ஊதா மாதம், லீமாவின் அற்புதங்களின் ஆண்டவர் பவனிக்காக ஊதா உடை உடுத்துவார்கள். தாய்லாந்துக்காரருக்கு ஊதா சனிக்கிழமையின் நிறம். இளவரசி சிரிந்தோர்ன் சனிக்கிழமை பிறந்தவர் என்பதால் அவரைக் கொண்டாட ஊதா சட்டை போடுவார்கள்.

பிரிட்டனில் இந்த நிறத்துக்கு இத்தனை மதிப்பு வந்ததற்குக் காரணம் கடல். மத்தியதரைக் கடலில் முள்சங்கு இனங்களின் சுரப்பியிலிருந்து எடுத்த சாயம் அது. 1909-இல் ஒரு ஜெர்மன் வேதியியலாளர் 12,000 சங்குகளிலிருந்து பிரித்தெடுத்தது வெறும் 1.4 கிராம். அத்தனை அரிதாக இருந்ததால் ரோமப் பேரரசர் அதைத் தமக்கென்று வைத்துக்கொண்டார். 2023 முடிசூட்டு விழாவில் மூன்றாம் சார்லஸ் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயை விட்டு வெளியே வந்ததும் ஊதா வெல்வெட் அங்கியில்தான். கத்தாரில் வேலை பார்க்கும் குமரிக் கடற்கரைக்காரர்கள் அல் கோர் பக்கம் போனால் ஊதாத் தீவு என்று ஒரு சிறு தீவைக் காட்டுவார்கள். கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில் அங்கே சங்கை நொறுக்கிச் சாயம் எடுத்த குவியல்கள் கிடைத்திருக்கின்றன.

விலை இறங்கியது 1856-இல். லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின் மலேரியாவுக்கான குயினைனை நிலக்கரித் தார்ப் பொருளிலிருந்து செய்யப் பார்த்து, ஊதாச் சாயத்தில் போய் முடித்தார். அடுத்த ஆண்டு அவர் தொழிற்சாலை தொடங்கிய கிரீன்ஃபோர்ட், இன்று நம்மவர்கள் நிறையப்பேர் வீடெடுத்திருக்கும் மேற்கு லண்டன் பகுதிதான். 1858-இல் விக்டோரியா அரசி மகள் கல்யாணத்துக்கு அந்த நிறம் உடுத்தியபின் கடைத்தெருவெங்கும் பரவியது. துக்கம் காப்பவர்கள் கறுப்பை விட்டு வெளுத்த ஊதாவுக்கு மாறுவது அக்கால மரபு. இன்றைய சாவுவீட்டுக்குக் கறுப்போ கருநீலமோ போதும். "அம்மாவுக்குப் பிடித்த ஊதாவில் வாருங்கள்" என்று குடும்பத்தார் எழுதியிருந்தால் தயங்காமல் உடுத்துங்கள்.

உலகப் பெண்கள் நாளான மார்ச் 8-இல் எங்கும் ஊதா தெரிவதற்கு வேர், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டவர்கள் 1908-இல் எடுத்த ஊதா, வெள்ளை, பச்சைக் கொடி. ஊதா மானத்துக்கு, வெள்ளை தூய்மைக்கு, பச்சை நம்பிக்கைக்கு என்று அவர்களே சொன்னார்கள். அந்த ஆண்டு ஜூன் 21-இல் ஹைட் பார்க் முழுக்க அந்த நிறங்கள். 1918-இல் 30 வயதைக் கடந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கும், 1928-இல் ஆண்களுக்குச் சமமாகவும் ஓட்டு கிடைத்தது. இதை வாழ்த்து அட்டையோடு விட்டுவிடாதீர்கள்: இந்தியக் குடியுரிமையோடு விசாவில் இருப்பவர்களும் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் இங்கே நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். பதிவு செய்ய வேண்டும், நாடாளுமன்றத் தேர்தலுக்குப் போகும்போது படம் போட்ட அடையாள அட்டை வேண்டும். வந்து பல வருடமாகியும் இது தெரியாதவர்கள் அநேகர்.

மார்ச் 26 வலிப்பு நோய் விழிப்புணர்வு நாள், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளர் நாள். இரண்டுக்கும் பள்ளியிலும் அலுவலகத்திலும் ஊதா உடுத்தி வரச் சொல்வார்கள். நவம்பரில் சட்டையில் ஊதாப் பாப்பி குத்தியிருந்தால் போரில் மடிந்த விலங்குகளின் நினைவுக்கு.

வீட்டு விஷயம். ஊரிலிருந்து கொண்டுவந்த ஊதாப் பட்டுப் புடவையை இங்குள்ள பயோ பவுடரில் போடாதீர்கள். அதிலுள்ள என்சைம் புரதத்தைத் தின்னும், பட்டு புரதம். கம்பளிக்கும் பட்டுக்குமான திரவம் வாங்குங்கள். ஊதா பெரும்பாலும் சிவப்பும் நீலமும் கலந்த சாயம், இரண்டும் ஒரே வேகத்தில் வெளுக்காது. ஜன்னலோரம் தொங்கவிட்ட புடவை ஒரு பக்கம் மட்டும் சிவந்தோ நீலித்தோ போவது அதனால்தான். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது இன்றைய சாயங்களுக்குப் பொருந்தாது. பருத்தியை முதல் சில தடவை தனியாக 30 டிகிரியில் துவைப்பதே வழி.

காச்சில் தேடுகிறவர்கள் பிலிப்பைன் கடைக்குப் போங்கள். அவர்கள் ஊபே என்று சொல்வது நம் ஊதாக் காச்சிலைத்தான், உறைய வைத்த பாக்கெட்டில் துருவியதாகக் கிடைக்கும். துருவியது இனிப்புக்கும் கூட்டுக்கும் ஆகும். காந்தாரி மிளகுச் சம்மந்தியோடு தின்ன முழுக்கிழங்குதான் வேண்டும். ஊதாச் சக்கரைவள்ளி வேறு, இனிப்பு அதிகம், புழுக்குக்குச் சேராது. சோடா உப்புப் போட்டு வேகவைத்தால் ஊதா நீலமாகிப் பிறகு பச்சையாகும்.

தோட்டத்தில் இரண்டு ஊதாப் பூக்களிடம் கவனம். மணி மணியாகத் தொங்கும் ஃபாக்ஸ்க்ளோவ் செடி முழுவதும் இதயத்தைப் பாதிக்கும் நச்சு. தலைக்கவசம் போலப் பூக்கும் மாங்ஸ்ஹுட் அதைவிடக் கொடியது. சாறு தோல் வழியாகவும் இறங்கும். வாடகை வீட்டுத் தோட்டத்தில் இருந்தால் கையுறையோடு எடுங்கள், பிள்ளைகள் ஓணத்து அத்தப்பூக்களத்துக்குப் பறித்துவிடப் போகிறார்கள்.

அத்தத்துக்கு வாடாமல்லியே வளர்க்கலாம். இங்கே கோம்ஃப்ரீனா என்று விதை விற்பார்கள். குட்டை ரகம் ஒரு சாண்தான் வரும், மாலைக்குக் காம்பு போதாது. இரண்டடி ரகம் கேளுங்கள். மார்ச் கடைசியில் வீட்டுக்குள் 20 டிகிரிக்குக் குறையாத இடத்தில் விதையுங்கள். தண்ணீர் கூடினால் நாற்று அடியில் அழுகிச் சாயும். வெயில் இல்லாத ஜன்னலில் வைத்தால் நெட்டையாக வளர்ந்து ஒடியும். உறைபனி போனபின், மே கடைசி அல்லது ஜூனில், நல்ல வெயிலில் ஓரடி இடைவெளி விட்டு நடுங்கள். நுனி கிள்ளினால் கிளை விடும். ஜூலைக்குப் பின் பூக்கும், முதல் உறைபனியில் செடி போய்விடும். அதற்கு முன்பே காம்போடு அறுத்துத் தலைகீழாகக் கட்டி உலர்த்தினால் கிறிஸ்துமஸ் வரை நிறம் நிற்கும். ஊரிலிருந்து விதை அனுப்பச் சொல்ல வேண்டாம், தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் வரும் விதையைச் சுங்கத்தில் அழித்துவிடுவார்கள். உலர்ந்த பூவைக் கையால் கசக்கினால் பஞ்சுக்குள் விதை இருக்கும். அடுத்த மார்ச்சுக்கு அதுவே போதும்.