காலி நாற்காலிகள்

செய்தி அறையில் சேர்ந்த முதல் ஆண்டில் நான் அதிகம் கற்றுக்கொண்டது வினைச்சொற்களைப் பற்றித்தான். நிர்வாகத்துக்கு வேண்டிய தலைவர் பேசினால் ‘விளக்கம் அளித்தார்’. வேண்டாதவர் அதே தொனியில் பேசினால் ‘கொந்தளித்தார்’. முன்னவர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் காரில் ஏறினால் ‘கருத்துக் கூற மறுத்துவிட்டார்’. பின்னவர் ஏறினால் ‘நழுவிச் சென்றார்’. இந்த அட்டவணையை யாரும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை. மூத்த துணை ஆசிரியர் ஒருவர் நான் எழுதிய பிரதியை வாங்கி, ஒரே ஒரு சொல்லை அடித்து, மேலே வேறொரு சொல்லை எழுதித் திருப்பித் தருவார். ஏழெட்டு மாதங்களில் அவர் அடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

தமிழில் செய்தி எழுதுகிறவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதலாகவே இருக்கிறது. நம் வினைமுற்றிலேயே மரியாதை அடங்கியிருப்பதால், ஒரே வழக்கில் கைதாகும் இருவரில் ஒருவர் ‘கைது செய்யப்பட்டார்’ என்றும் இன்னொருவர் ‘சிக்கினான்’ என்றும் முடிந்துபோகலாம். தீர்ப்பு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விகுதி தீர்ப்பை வழங்கிவிடுகிறது. பிரிட்டனில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஊடக ஆய்வுக் குழு 1975-இல் அந்நாட்டுத் தொலைக்காட்சிச் செய்திகளை மாதக்கணக்கில் பதிவு செய்து, சொல் சொல்லாகப் பிரித்து ஆராய்ந்தது. தொழில் தகராறு பற்றிய செய்திகளில் தொழிலாளர்கள் எப்போதும் ‘கோரிக்கை வைக்கிறார்கள்’, நிர்வாகமோ ‘தர முன்வருகிறது’ என்று அந்தக் குழு சுட்டிக்காட்டியதைப் பின்னாளில் படித்தபோது, என் பிரதிகளில் அடிக்கப்பட்ட சொற்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கேட்பவன் தொல்லை தருபவனாகவும் கொடுப்பவன் பெருந்தன்மையுள்ளவனாகவும் தெரிவதற்கு அந்த இரண்டு வினைகளே போதும். அதற்குப் பொய் ஏதும் தேவைப்படவில்லை.

சொல்லைக்கூட ஒருவர் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்க முடியும். காட்சியைக் கேட்பது கடினம். ஒரு தேர்தல் காலத்தில், எங்கள் நிர்வாகத்துக்குப் பிடிக்காத ஒரு கட்சியின் பொதுக்கூட்டத்திலிருந்து ஒளிப்பதிவாளர் அனுப்பிய காட்சிகள் மாலை ஏழு மணிவாக்கில் வந்து சேர்ந்தன. மொத்தம் பதினொரு நிமிடங்கள். முதல் இரண்டு நிமிடங்களில் பந்தல் கட்டுபவர்கள், ஒலிபெருக்கி சரிபார்ப்பவர்கள், வரிசை வரிசையாகக் காலி பிளாஸ்டிக் நாற்காலிகள். அதற்குப் பிறகு கூட்டம் நிரம்பியிருக்கிறது. நாற்காலி கிடைக்காதவர்கள் ஓரத்தில் நிற்கிறார்கள். எட்டு மணிச் செய்திக்கு நாற்பது வினாடி வேண்டும் என்றார்கள். எடிட்டிங் அறையில் நான் தேர்ந்தெடுத்தவை: மேடையில் தலைவர் பேசும் காட்சி, உடனே ஒரு காலி நாற்காலி வரிசை, மீண்டும் தலைவர், கொட்டாவி விடும் ஒரு முதியவர், மீண்டும் காலி நாற்காலிகள். எழுதிய வரியில் கூட்டம் குறைவு என்று ஒரு சொல்லும் கிடையாது. தலைவர் பேசியதை மட்டும் ஒழுங்காகத் தொகுத்து எழுதியிருந்தேன்.

செய்தி போய் முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் ஒளிப்பதிவாளர் அழைத்தார். “அண்ணே, அந்தச் சேர் ஷாட் கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி எடுத்தது. நான் இன்னும் கிரவுண்ட்லதான் நிக்கிறேன். இங்க எல்லாரும் போன்ல பார்த்துட்டு என்னைத்தான் கேக்குறாங்க” என்றார். அவர் குரலில் கோபத்தைவிட அச்சமே அதிகம் இருந்தது. மைக்கில் எங்கள் சின்னத்தோடு அந்தக் கூட்டத்தின் நடுவே தனியாக நின்றவர் அவர். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து காட்சியை வெட்டியவன் நான். ஒன்பது மணிச் செய்தியில் அந்தக் காட்சியை மாற்றலாமா என்று பொறுப்பாசிரியரிடம் கேட்டேன். “இதில் எது பொய்? நாற்காலி அங்கே இல்லையா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் அதே தொகுப்பு ஓடியது.

இதைப் பல ஆண்டுகளாக மனத்துக்குள் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அன்று யாரும் என்னிடம் ‘காலி நாற்காலியைப் போடு’ என்று சொல்லவில்லை என்பதே என்னை இன்றுவரை உறுத்துகிறது. மேலிடத்திலிருந்து தொலைபேசி வருகிறது, ஆசிரியர் தலையசைக்கிறார், செய்தி மாறுகிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படியும் நடக்கிறது, ஆனால் நான் பார்த்தவரை அது குறைவு. உரிமையாளர் யாருடன் நட்பாக இருக்கிறார், எந்த விளம்பரம் நின்றால் சம்பளம் தள்ளிப்போகும், சென்ற முறை எந்தச் செய்திக்காக எந்த நிருபர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டார் என்பதெல்லாம் அறையில் இருக்கும் அனைவருக்கும் தெரிந்திருக்கும்போது, உத்தரவு போடும் வேலையை ஒவ்வொருவரும் தனக்குத் தானே செய்துகொள்கிறார்கள்.

உரிமையாளரை மட்டும் குற்றம் சொல்வதும் முழு உண்மையாகாது. பார்வையாளர்களின் விருப்பமும் ஒரு எஜமானன்தான். 2020 அமெரிக்க அதிபர் தேர்தலில் வாக்கு இயந்திரங்கள் மூலம் மோசடி நடந்ததாக ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதற்காக, டொமினியன் என்ற வாக்கு இயந்திர நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. 2023 ஏப்ரலில் ஃபாக்ஸ் 78.75 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. அந்த வழக்கில் வெளிவந்த உள் உரையாடல்களைப் படித்தபோது எனக்கு அந்தத் தொகை பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் புகார்களைத் தனிப்பட்ட முறையில் நம்பாத தொகுப்பாளர்களும், உண்மையைச் சொன்னால் பார்வையாளர்கள் வேறு சேனலுக்குப் போய்விடுவார்கள் என்று அஞ்சிய நிர்வாகிகளும் அங்கே இருந்தார்கள் என்பதுதான் உறைத்தது. எந்தச் சேனலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் டிஆர்பி பட்டியல் வாராவாரம் வரும் நாளில் எங்கள் அறையிலும் அதே அச்சம் இருந்தது. நாற்பது வினாடிக் காலி நாற்காலிக்கு நல்ல வரவேற்பு இருந்ததாக அடுத்த வாரம் என்னைப் பாராட்டினார்கள்.

விவாத நிகழ்ச்சிகளில் இந்தச் சாய்வு வினாடிகளாக மாறுகிறது. ஒருவர் பேசும்போது நெறியாளர் காத்திருக்கிறார். இன்னொருவர் மூச்சு விடுவதற்குள் ‘சுருக்கமாக, சுருக்கமாக’ என்கிறார். செய்தித் தொகுப்பில் நாங்கள் ‘பைட்’ என்று சொல்லும் பேச்சுத் துண்டும் அப்படித்தான். அமெரிக்கத் தொலைக்காட்சிகளின் தேர்தல் செய்திகளில், வேட்பாளர் தடையின்றிப் பேசும் துண்டின் சராசரி நீளம் 1968-இல் 43 வினாடியாக இருந்து 1988-இல் 9 வினாடியாகச் சுருங்கியதை டேனியல் ஹாலின் என்ற ஆய்வாளர் அளந்து காட்டினார். ஒன்பது வினாடியில் ஒரு காரணத்தைச் சொல்ல முடியாது, ஒரு வசவைச் சொல்லலாம். ஆகவே எந்த ஒன்பது வினாடியை எடுப்பது என்று முடிவு செய்யும் துணை ஆசிரியரின் கையில், பேசியவரைவிட அதிக அதிகாரம் வந்து சேர்கிறது. அந்தக் கை பெரும்பாலும் இரவுப் பணியில் களைத்துப்போன, வேலை நிரந்தரமாகாத ஓர் இளைஞருடையது.

‘இரு தரப்பும் நம்மைத் திட்டுகிறார்கள், அப்படியென்றால் நாம் நடுவில்தான் இருக்கிறோம்’ என்ற வாதத்தை எங்கள் அறையில் பலமுறை கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். 1982-இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்திகளை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். இரு தரப்பினரும் அது தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாகவே சொன்னார்கள். 1985-இல் வெளியான இந்த ஆய்வைப் பத்திரிகையாளர்கள் தங்களுக்குச் சாதகமான சான்றாக எடுத்துக்கொள்வது வழக்கம். எனக்கோ அது அந்த வாதத்தையே தகர்ப்பதாகத் தோன்றுகிறது: நேர்மையான செய்திக்கும் இரு பக்கத் திட்டு வரும், நேர்மையற்ற செய்திக்கும் வரும் என்றால், திட்டு எதையும் நிரூபிப்பதில்லை. நாற்காலிகள் எத்தனை மணிக்குக் காலியாக இருந்தன என்ற கேள்விக்கு மட்டுமே அங்கே பதில் வேண்டியிருந்தது.

அந்த நிறுவனத்தை விட்டு நான் பின்னர் விலகினேன். இப்போது பணிபுரியும் இடத்தில், கூட்டம் தொடர்பான எந்தக் காட்சிக்கும் எடுத்த நேரத்தைத் திரையின் மூலையில் போட வேண்டும் என்று வற்புறுத்தி வருகிறேன். சில நாள் போடுகிறார்கள், அவசரத்தில் சில நாள் விட்டுவிடுகிறார்கள்; விட்ட நாளில் கேட்டு வாங்குகிறேன். அந்த ஒளிப்பதிவாளரும் சில ஆண்டுகளுக்குப் பிறகு இங்கேயே வந்து சேர்ந்தார். ஒவ்வொரு ஷாட்டையும் தொடங்கும் முன், அன்றைய தேதியையும் மணியையும் மைக்கில் தன் குரலிலேயே சொல்லிவிட்டுத்தான் அவர் படமெடுக்கிறார். ஒளிபரப்புக்கு முன் அந்தக் குரலை நாங்கள் வெட்டிவிடுகிறோம். வெட்டுவதற்கு முன் நான் அதை ஒருமுறை முழுதாகக் கேட்கிறேன்.