பீம்லைன் விஞ்ஞானி என்னும் வேலை

பிரிட்டனின் தேசிய சின்க்ரோட்ரான் (வளைய வடிவத் துகள்முடுக்கி) நிலையமான டயமண்ட் லைட் சோர்ஸில் வேலைக்குச் சேர என்ன படிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர், அது இயற்பியலாளர்களுக்கு மட்டுமே உரிய இடம் என்ற எண்ணத்துடனேயே வருகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டுஷையரின் ஹார்வெல் வளாகத்தில் 2007 முதல் இயங்கிவரும் அந்த நிலையத்தில், ஏறத்தாழ 562 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்துக்குள் எலக்ட்ரான்கள் 3 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் சுற்றுகின்றன. காந்தங்கள் அவற்றின் பாதையை வளைக்கும்போது பிறக்கும் எக்ஸ் கதிர்கள் பீம்லைன்கள் எனப்படும் முப்பதுக்கும் மேற்பட்ட சோதனை நிலையங்களுக்குச் செல்கின்றன. அந்த வளையத்தின் வெற்றிடத்தைக் காப்பவர், காந்தங்களை இம்மியும் பிசகாமல் நிறுத்துபவர், மின்வழங்கிகளைப் பராமரிப்பவர், கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுபவர் ஆகியோரில் ஒரு தரப்பார் இல்லையென்றாலும் அங்கே ஒரு சோதனையும் நடக்காது.

அங்கே பணிபுரிபவர்களுள் நான் மிகவும் மதிப்பது, அந்தச் சோதனை நிலையங்களைக் கவனித்துக்கொள்ளும் பீம்லைன் விஞ்ஞானிகளைத்தான். ஆய்வு மாணவப் பருவத்தில், புரதப் படிகங்களுடன் ஓர் இரவுப் பணிநேரத்துக்காக ஒரு பீம்லைனுக்குச் சென்றிருந்தேன். கதிரைத் திறப்பதற்கு முன், ஈயக் கவசமிட்ட சோதனை அறைக்குள் எவரும் இல்லை என்பதை உறுதிசெய்ய, அதை மூலைமுடுக்கெல்லாம் சுற்றிப் பார்த்து, ஆங்காங்கே உள்ள பொத்தான்களை வரிசையாக அழுத்திவிட்டுக் கதவை மூட வேண்டும். வரிசை தவறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதை எனக்குக் கற்றுத்தந்த விஞ்ஞானி, நள்ளிரவு கடந்து நான் தொலைபேசியில் அழைத்தபோதும் சற்றும் சலிக்காமல் பேசி, ஊசிமுனையிலுள்ள சிறு கண்ணியில் உறைந்திருந்த என் படிகத்தைக் கதிரின் நேர்க்கோட்டுக்குக் கொண்டுவர உதவினார். மறுநாள் காலையில் அவருக்கு இன்னொரு குழு காத்திருந்தது.

அந்த வேலையின் இயல்பே அதுதான். பல்கலைக்கழகக் குழுக்கள் அனுப்பும் விண்ணப்பங்களை நிபுணர் குழு மதிப்பிட்டுக் கதிர்நேரம் ஒதுக்குகிறது. முடிவுகளை வெளியிடும் ஆய்வுகளுக்கு அந்த நேரம் இலவசம். கருவிகளை ஆயத்தப்படுத்துவது, வருபவர்களுக்குப் பயிற்சி தருவது, தரவைப் புரிந்துகொள்ளத் துணைநிற்பது, பீம்லைனை மேம்படுத்துவது என்று நாள்கள் போன பின் எஞ்சுவதில்தான் அந்த விஞ்ஞானியின் சொந்த ஆய்வு நடக்கிறது. பிறருடைய கேள்விகள் பலவற்றைத் தன் கேள்விகளாக ஏற்கும் மனம் இல்லாதவருக்கு இப்பணி சுமையாகிவிடும் என்பது என் கருத்து. அந்த மனம் வாய்த்தவரோ ஒரே வாரத்தில் மின்கலப் பொருள், வைரஸ் புரதம், பழங்கால உலோகம் என்று பலவற்றைத் தொட்டுப் பார்க்கலாம். பல்கலைக்கழகத் துறை ஒன்றில் அந்த வாய்ப்பு அரிது.

உள்ளே நுழையப் பல வழிகள் உண்டு. பட்டப் படிப்பின் நடுவே ஓராண்டுப் பணிப்பயிற்சியும், பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து நிதியளிக்கும் முனைவர் பட்ட இடங்களும், அதன்பின் முதுமுனைவர் ஆய்வுப் பணிகளும் இருக்கின்றன. பொறியியல் தொழில்நுட்பர்களுக்குத் தொழில்பழகுநர் பயிற்சியும் உண்டு. பட்டம் பெறாதவர்களும் இதன்வழி சேரலாம் என்பதை யாரும் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை.

ஆராய்ச்சிப் பணிக்கு நேர்முகத் தேர்வுக்குச் செல்பவர், சொந்த ஆய்வுக்கு வாரத்தில் எவ்வளவு நேரம் கிடைக்கும், இரவு அழைப்புக்குப் பொறுப்பேற்க வேண்டிய முறை எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்ற மூன்றையும் தயங்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முடிந்தால், அதே பீம்லைனில் இப்போது பணிபுரியும் ஒருவரிடமும் அவற்றைக் கேட்டுவிடுங்கள்.