கடையில் பிரிட்ஜ் இல்லையே!

லேப்டாப்பை அணைத்து வைத்தால் சார்ஜ் ஏறுகிறது. திறந்து வேலை பார்த்தால், சார்ஜர் மாட்டியிருக்கும்போதே இறங்குகிறது. திரை மூலையில் பிளக் படம் என்னவோ லட்சணமாகத் தெரிகிறது. ஆனால் மேனேஜர் "ஒரே நிமிஷம்" என்று ஆரம்பித்த வீடியோ மீட்டிங் முடிவதற்குள் 80 சதவீதம் 62 ஆகியிருந்தது.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பழுது என்றால் அது அந்த வீட்டுச் சமாசாரமாக நிற்காது. மொட்டை மாடியில் துணி காயப்போட வந்தவர்கள்கூட விசாரித்துவிட்டுத்தான் கீழே இறங்குவார்கள். எதிர்வீட்டு அண்ணன் காசிமேட்டில் போட் இன்ஜின் மெக்கானிக். வந்ததும் சார்ஜர் பின்னை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உப்புக் காத்துமா. துரு புடிச்சிக்கும். இரு, உப்புத்தாள் எடுத்தாறேன்."

கடலோரத்தில் செம்பு, இரும்பு எதுவும் சீக்கிரம் அரிக்கும், அது உண்மைதான். ஆனால் போட் இன்ஜினுக்குப் போடுகிற உப்புத்தாளை என் லேப்டாப் தாங்காது. காபி கொடுத்து அனுப்பிவைத்தேன்.

மச்சினர் போனில் "பேட்டரி அவுட்" என்று தீர்ப்பு சொன்னார். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். புதிதில் எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண் காட்டும். என்னுடையதில் பெரிய வித்தியாசம் இல்லை. பேட்டரி நிரபராதி.

சரி என்று மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். சார்ஜரையும் எடுத்து வந்திருக்கலாமே என்று கேட்காதீர்கள், கடைக்காரரே கேட்கவில்லை. தன் கடை சார்ஜரை எடுத்து மாட்டினார். ஆன் செய்தார். சார்ஜ் ஏறியது.

"மதர்போர்டு போயிடுச்சு மேடம்."

"ஏறுதே அண்ணா?"

"இங்க ஏறும். வீட்டுக்குப் போனா ஏறாது. 6,500 ஆவும்."

அன்று முழுக்க நான் கேட்டதிலேயே உருப்படியான துப்பு அதுதான். சொன்னவருக்குத்தான் அது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா? கடையில ஏறுது, வீட்ல ஏறல. கடையில பிரிட்ஜ் இல்ல. நம்ம வீட்ல எல்லா கரண்ட்டையும் அதுதான் இழுத்துக்குது. லோ வோல்டேஜ்!"

சொன்ன கையோடு பிரிட்ஜை ஆஃப் செய்துவிட்டு பேங்குக்குக் கிளம்பிவிட்டார். உள்ளே ஞாயிற்றுக்கிழமை வைத்த வஞ்சிரக் குழம்பு.

அம்மா திரும்பி வந்ததும் வாதாட ஆதாரம் வேண்டும் என்றுதான் சார்ஜரைக் கவிழ்த்துப் படித்தேன். இன்புட் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருந்தது. அதாவது வீட்டு வோல்டேஜ் 230-லிருந்து கொஞ்சம் விழுந்தாலும் சார்ஜர் அசராது. அம்மா கட்சி காலி. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த வரியையும் படித்தேன். அவுட்புட் 19.5 வோல்ட், 2.31 ஆம்பியர். பெருக்கினால் 45 வாட். லேப்டாப்பின் அடியில் பார்த்தால் 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர். அது 65 வாட்.

வந்து சேர்கிற 45 வாட்டில் முதல் பந்தி திரைக்கும் பிராசஸருக்கும். மிச்சம் இருந்தால்தான் பேட்டரிக்கு. வீடியோ மீட்டிங்கும் முப்பது டேபும் திறந்திருக்கும்போது மிச்சம் ஏது? பற்றாக்குறைக்குப் பேட்டரியே கைக்காசு போடுகிறது. அணைத்து வைத்தால் பந்தியில் வேறு ஆள் இல்லை, எல்லாம் பேட்டரிக்கே. சில லேப்டாப்கள் சின்ன சார்ஜரை மாட்டினால் எச்சரிக்கை காட்டும். என்னுடையது மௌன விரதம்.

அப்படியானால் என் 65 வாட் எங்கே? அதே கம்பெனி, அதே நீலப் பின், அதே கறுப்புக் கட்டி. இந்த வீட்டில் இன்னொரு லேப்டாப் வைத்திருப்பவன் ஒருவன்தான். மணலியில் வேலை, காலை ஷிப்டுக்கு அரைத் தூக்கத்தில் கிளம்புகிறவன். தம்பிக்கு போன் போட்டேன்.

"ஆமாக்கா, கொஞ்ச நாளா என் லேப்டாப்ல சார்ஜ் சும்மா ஜிவ்வுனு ஏறுது. அப்டேட் வந்திருக்கும்னு நெனச்சேன்."

அவன் சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாகப் பையைப் பிடுங்கிச் சார்ஜரை மாற்றினேன். வேண்டுமென்றே வீடியோ ஓடவிட்டேன். டேப்களையும் மூடவில்லை. 41, 42, 43. அந்த நேரம் பார்த்து அம்மா பேங்க், கோயில், காய்கறிக்கடை எல்லாம் முடித்து உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். பிரிட்ஜைப் பார்த்தார். அது ஆஃபிலேயே இருந்தது.

"நான் சொல்லல?"

65 வாட், 45 வாட், பந்தி எல்லாவற்றையும் மறுபடி விளக்கினேன். தம்பியையும் சாட்சிக்கு அழைத்தேன். அம்மா குழம்புச் சட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இது ராத்திரிக்கே காலி ஆவணும், ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார்.