கம்பிக்குக் கீழ நிக்காதை

கொழும்பிலிருந்து வந்திருந்த என் அலுவலகத் தோழி போன கிழமை ஒரு கேள்வி கேட்டாள். யாழ்ப்பாணம் டவுனுக்குள் ஒரு பூங்கா, அதில் ஒரு போர் நினைவுச்சின்னம், அப்படி ஏதாவது இருக்கிறதா என்று. சுப்பிரமணியம் பூங்காவில் பிள்ளைகள்தான் விளையாடுகிறார்கள் என்றேன். பிறகு யோசித்து, வீரசிங்கம் மண்டபத்தருகே இருக்கும் நினைவுத் தூபியைக் காட்டலாம் என்று கூட்டிப் போனேன். அம்மாவும் வருவதாகச் சொன்னது ஆச்சரியம். ஒவ்வொரு ஜனவரி 10 அன்றும் அங்கே விளக்கேற்றுவார்கள், பேச்சும் இருக்கும். அம்மா ஒரு வருடம்கூடப் போனதில்லை.

அது போர்ச் சின்னமே இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. 1974 இல் நடந்தது. போர் என்று எல்லோரும் கணக்கு வைப்பது 1983 இலிருந்து.

நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள் அது. அம்மாவுக்குப் பதினேழு வயது. கொக்குவிலில் இருந்து பெரிய மாமாவின் சைக்கிள் பாரில் இருந்து போயிருக்கிறார். கதை கேட்ட தோழியிடம் அம்மா முதலில் சொன்னது சோடனைகளைப் பற்றித்தான். வீதிக்கு வீதி வாழைமரமும் நிறைகுடமுமாம், ஊரே கலியாண வீடு மாதிரி இருந்ததாம். சனம் மண்டபத்துக்குள் அடங்காது என்று வெளியே மேடை போட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த பேராசிரியர் நைனா முகமது பேசிக்கொண்டிருந்தபோதுதான் பொலிஸ் உள்ளே வந்தது. கண்ணீர்ப்புகை. அப்புறம் மேலே சுட்டார்கள், மின்கம்பி அறுந்து சனத்துக்குள் விழுந்தது.

“சுட்டவையெண்டு நாங்கள் ஓடினது. கம்பி விழுந்தது பிறகுதான் தெரியும்” என்றார் அம்மா.

செத்தது ஒன்பது பேர் என்பார் அம்மா, பதினொன்று என்பார் மாமா. இருவரும் இதற்காகச் சண்டை பிடித்து நான் பார்த்திருக்கிறேன். ஊர் மக்களே ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். ஓய்வுபெற்ற நீதியரசர் டி கிறெற்சர் அதற்குத் தலைமை. அம்மாவுக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. அன்றிரவு அம்மம்மா படலையடியில் அரிக்கன் லாம்போடு நின்றதும், அடி விழுமென்று பயந்ததும், அடி விழாததும்தான் அவருக்கு ஞாபகம்.

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது லைட் கம்பத்தடியில் நின்று கதைத்தால் அம்மா தூரத்திலிருந்தே கத்துவார்: “கம்பிக்குக் கீழ நிக்காதை பிள்ளை!” மழையில்லை, காற்றில்லை, நல்ல வெயில் நேரத்திலும். என் சிநேகிதிகள் இதை வைத்து என்னைப் பகிடி பண்ணுவார்கள். தொண்ணூறுகளில் கரண்டே இல்லாமல் வருடக்கணக்கில் குப்பிவிளக்கில் படித்தோமே, அப்போதும் சொன்னார்! செத்த கம்பிக்கு என்ன பயம் என்று நான் எதிர்த்துக் கதைத்து, ஒருமுறை அகப்பைக்காம்பால் வாங்கியிருக்கிறேன்.

நாற்பத்தைந்து வயதில், அந்தத் தூபிக்கு முன்னால் நின்று, “அதுக்கா அம்மா?” என்று கேட்டேன்.

“எதுக்கு?” என்றார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

சரி, விட்டுவிட்டேன். வெயில் தாழப் பூங்காவில் கொஞ்ச நேரம் இருந்து கச்சான் கொறித்தோம். வீட்டுக்குப் போக வீதியோரம் ஓட்டோவுக்கு நின்றபோது அம்மா ஒன்றும் சொல்லாமல் தோழியின் கையைப் பிடித்து நாலடி அங்கால் நகர்த்தினார். அவள் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, என்னையும் வரச் சொல்லிக் கை காட்டினாள்.