வரப்பு வெட்டுக்கிளி: ராகிக் காட்டு நாட்குறிப்பு

மே 28

கோடை மழை விழுந்ததும் கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனஹள்ளிப் பக்கம் சாலையோர எருக்கஞ்செடிகளில் மஞ்சளும் நீலப்பச்சையுமாக வரியோடிய வெட்டுக்கிளிகள் அப்பிக்கிடக்கின்றன. "பாலைவன வெட்டுக்கிளி வந்துடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றுகிறது. 2020 மே கடைசியில் நேரளகிரியிலும் இதே கூத்துதான். வேளாண்துறையினர் வந்து பார்த்துவிட்டு உள்ளூர் இனம் என்றுதான் சொன்னார்கள்.

ஒன்றைப் பிடித்துப் பார்த்தால் சந்தேகம் தீரும். எருக்கு வெட்டுக்கிளிக்குத் தலை கூம்பு, முகம் சரிவு. குஞ்சை அழுத்தினால் முதுகிலிருந்து நீரைப் பீய்ச்சும், கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டாம். பாலைவன வெட்டுக்கிளிக்கு முகம் செங்குத்து. முன்னங்கால்களுக்கு நடுவே கழுத்தடியில் மழுங்கிய முளை ஒன்று உண்டு. புள்ளி போட்ட இறக்கை வயிற்று நுனியைத் தாண்டி நீளும். படையாக வரும்போது இளசு ரோஸ் நிறம், முதிர்ந்தது மஞ்சள்.

ஜூன் 3

பாலைவன வெட்டுக்கிளி ஏன் நம் பக்கம் வருவதில்லை? காற்றுதான் காரணம். படை காற்றோடு போகும், ஒரு நாளில் 100 முதல் 150 கிலோமீட்டர் வரை. ஜூனில் இங்கே வீசுவது தென்மேற்குக் காற்று. ராஜஸ்தானில் இருப்பதைத் தெற்கே தள்ளாது. முட்டையிட அதற்கு 10–15 செ.மீ. ஆழத்தில் ஈரமுள்ள மணல் வேண்டும், பருவமழையில் தார் பாலைவனத்தில் அது கிடைத்துவிடுகிறது. 2020இல் வட இந்தியாவுக்கு வந்த படைக்கு விதை விழுந்ததே 2018இல், மேகுனு, லுபான் என்ற இரு புயல்கள் அரேபியப் பாலைவனத்தை நனைத்தபோது. அந்தப் படை தெற்கே மகாராஷ்டிராவின் விதர்ப்பாவரை வந்தது.

ஒரு சதுர கிலோமீட்டர் படையில் 4 முதல் 8 கோடி பூச்சி. ஒவ்வொன்றும் 2 கிராம், தினமும் தன் எடை அளவுக்குத் தின்னும். அதைத் தட்டு அடித்து விரட்டினால் பக்கத்துக் காட்டில் போய் இறங்கும், அவ்வளவுதான். இரவில் மரத்தில் அடைந்து, விடியலில் உடம்பு சூடாகாமல் மந்தமாகக் கிடக்கும்போதுதான் மருந்து அடிக்கிறார்கள்.

ஜூலை 27

ஆடிப் பட்டத்து ராகி முளைத்துவிட்டது. நம் கவலை இங்கேதான். மண் நிறத்தில், சொரசொரப்பாக, கட்டை உடம்போடு தரையோடு தரையாக ஒரு வெட்டுக்கிளி இருக்கும். நடந்தால் காலடியில் தத்தும், நின்றால் மண்ணாகிவிடும். முளையை அடியில் கத்தரிக்கும். மழை தொடர்ந்தால் பயிர் அதை முந்திக்கொண்டு வளர்ந்துவிடும். முளைத்தபின் மழை விட்டுப்போனால் பயிர் அப்படியே நிற்கும், அது தின்றுகொண்டே இருக்கும். விளைச்சலை அடிப்பது இந்த இடைவெளிதான். சேதம் வரப்போரம் தொடங்கி உள்ளே போகும்; ஓரத்து நாலைந்து வரிசையைப் பார்த்தாலே போதும்.

செப்டம்பர் 14

ராகியைக் கடிக்கும் வெட்டுக்கிளிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். கொட்டை 3 மாதத்துக்குக் குறையக் கூடாது, 8 மாதத்தைத் தாண்டவும் கூடாது. ஜூனில் பொறுக்கியது இப்போது சரியான பதம். ஆடி விதைப்பின்போது பலர் கரைத்ததெல்லாம் போன வருஷத்துப் பழைய கொட்டை. "வேப்பங்கொட்டைக் கரைசல் வேலையே செய்யல" என்ற பேச்சு பாதி அங்கிருந்துதான் வருகிறது.

5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் பால்போல் வரும்வரை கலக்க வேண்டும். துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 கிராம் சோப்பைக் குழைத்துச் சேர்க்கலாம். ஏக்கருக்கு 200 லிட்டர் பிடிக்கும், ஆகவே பருப்பு 10 கிலோ. நம் போர்த் தண்ணீரில் சோப்பு திரிந்து தெளிப்பான் முனையை அடைக்கும்; மழைநீரோ ஏரித் தண்ணீரோ கிடைத்தால் நல்லது. கரைத்ததை அன்றே அடித்துவிட வேண்டும், அதுவும் மாலை மூன்றரைக்கு மேல். வெயிலில் சத்து போய்விடும். வெளி ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றி வர வேண்டும். நடுவில் தொடங்கினால் பூச்சி வரப்புக்கு ஓடி, அடித்து முடித்ததும் திரும்பும்.

மறுநாள் செத்த பூச்சியைத் தேடாதீர்கள். இது தின்பதைத் தடுக்கும் மருந்து. புது இலையில் கடி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால் முதலில் காற்றின் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேம்பே ஆனாலும் சாரல் பட்ட இலையைத் தின்ற பட்டுப்புழு கெடும். கடை மருந்து என்றால் ஒரு வளர்ப்பே போய்விடும்.

நவம்பர் 2

நெல் வயல், புல் மண்டிய வரப்பு எல்லாவற்றிலும் பச்சை வெட்டுக்கிளி முட்டை வைக்கும் காலம். வரப்பு மண்ணைக் கிளறினால் மண் ஒட்டிக் காய்ந்த நுரைக் குழாய்போல் கூடு தெரியும். அந்த முட்டைகள் அடுத்த பருவமழை நனைக்கும்வரை பொரியாது, வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான். எனவே அறுப்பு முடிந்ததிலிருந்து கோடை மழைவரை அவகாசம் இருக்கிறது. புல்லை மாட்டுக்கு அறுத்துவிட்டு, நாலு விரல் ஆழத்துக்கு வரப்பைச் செதுக்கி வெயிலில் போட்டால் மைனாவும் கோழியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அகலமான பழைய வரப்பிலிருந்து தொடங்குவது நல்லது. ஒருவர் மட்டும் செதுக்கி எல்லைக்காரர் விட்டுவிட்டால் குஞ்சு அவர் பக்கத்திலிருந்து தத்தி வரும். பொது வரப்பை இருவரும் ஒரே வாரத்தில் செதுக்க வேண்டும்.