வைவாவில் நான் கோட்டைவிட்ட பெரணிக் கேள்வி

பி.எஸ்சி தாவரவியல் இரண்டாம் ஆண்டு வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், என்னிடம் கேட்டது இது: "பெரணிக்கும் இனங்கள் அற்றுப்போறதுக்கும் என்னம்மா தொடர்பு?" காடு அழிந்தால் பெரணியும் அழியும் என்றேன். "அது எல்லாச் செடிக்கும் பொருந்துமே, பெரணிக்குன்னு என்ன இருக்கு?" என்றார் தேர்வாளர். எனக்கு வாயே திறக்கவில்லை. பூவும் விதையும் இல்லாத செடி பெரணி. அதன் வாழ்க்கைச் சுழற்சியைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். விடை அந்தப் படத்துக்குள்ளேயே இருந்ததுதான் தெரியவில்லை.

தப்பு எங்கே என்று பிறகு புரிந்தது. பெரணியைப் பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலில் படித்தோம். இன அழிவைப் பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் படித்தோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் யோசித்ததே இல்லை.

தேர்வாளர் எதிர்பார்த்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கதை. மெக்சிகோவின் சிக்சுலுப் பகுதியில் விண்கல் மோதி, டைனோசர் உட்பட முக்கால்வாசி இனங்கள் அழிந்தன. அந்த மோதலின் அடையாளம் பாறையில் இரிடியம் என்ற அரிய உலோகம் படிந்த மெல்லிய அடுக்கு. அமெரிக்காவின் ராட்டன் படுகையில் அதற்குக் கீழே பூக்கும் தாவரங்களின் மகரந்தம் நிறைய. சற்று மேலே வந்தால் மகரந்தம் காணாமல்போய், 70 முதல் 100 சதவீதம் வரை பெரணி ஸ்போர்கள் (விதைக்குப் பதிலாகப் பெரணி உதிர்க்கும் நுண்துகள்கள்). நியூசிலாந்திலும் இப்படியே கிடைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃபெர்ன் ஸ்பைக்' என்பார்கள். தேர்வைத் தமிழில் எழுதுகிறவர்கள் 'பெரணி ஏற்றம்' என்று எழுதி ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

ஏன் பெரணி? இங்கேதான் மதிப்பெண் இருக்கிறது. "பெரணி வலுவானது" என்று எழுதிவிடாதீர்கள்.

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய செங்கல் சுவர் ஒன்று உண்டு. குழாய் கசியும் இடத்தில் டெரிஸ் விட்டேட்டா என்ற பெரணி முளைத்திருக்கும். கீழ்வீட்டு ஆயா, "எத்தினி வாட்டி பிடுங்கிப் போட்டாலும் வந்துகினே கீது, இன்னா செடியோ" என்பார். தோற்ற பிறகுதான் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பு உள்பக்கம் மடிந்து, அதையொட்டிப் பழுப்புக் கோடு. வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே புத்தகம் வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் தூக்கினால், இலையின் ஓரம் அப்படியே தூளாக வரைந்திருந்தது. அத்தனையும் ஸ்போர். மூச்சு பட்டதும் பறந்தது.

அந்தத் தூளை வைத்தே விடையைக் கட்டலாம். விதையைவிடப் பல மடங்கு லேசான ஸ்போர் காற்றில் வெகுதூரம் போகும். வண்டு, பறவை எதையும் நம்பியிருக்க வேண்டாம். பெரும்பாலான பெரணிகள் ஒத்த ஸ்போர்த்தன்மை கொண்டவை, அதாவது ஒரே வகை ஸ்போர்தான். ஒரே ஸ்போரிலிருந்து வரும் சின்னப் பச்சைத் தகடான புரோதாலஸிலேயே ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டாகும். ஆகவே வெறும் நிலத்தில் ஒன்று விழுந்தாலே புதுக் குடும்பம் தொடங்க வாய்ப்புண்டு. (ஆரைக்கீரையும் பெரணிதான், ஆனால் மாற்று ஸ்போர்த்தன்மை கொண்டது: ஆணுக்கு ஒரு ஸ்போர், பெண்ணுக்கு வேறு ஸ்போர். இந்த வாதத்தில் அதை உதாரணம் காட்டாதீர்கள்.) மேலே கருகினாலும் மண்ணுக்குள் மட்டத்தண்டு பிழைத்திருந்தால் மறுபடி தளிர்க்கும்.

கண்ணால் பார்த்த சான்றாக இந்தோனேசியாவின் கிரகதோவா தீவைச் சேருங்கள். 1883-ல் எரிமலை வெடித்துத் தீவு சாம்பலானது. 1886-ல் அங்கே போன தாவரவியலாளர் மெல்ஷியோர் ட்ரூப் 11 பெரணி இனங்களைக் கண்டார்.

மறுபக்கத்தையும் எழுதினால்தான் விடை முழுமை. புரோதாலஸ் சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது. ஆண் அணு நீந்திப்போய் முட்டையைச் சேர ஈரப்படலம் வேண்டும். ஈரம் போனால் அந்த இடத்துப் பெரணியும் போகும். அட்லாண்டிக் கடலின் அசென்ஷன் தீவில் மட்டுமே வளரும் அனோகிராம்மா அசென்ஷனிஸ் என்ற பெரணி 2003-ல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து மலைச்சரிவில் நான்கு செடிகள் கிடைத்தன. அவற்றின் ஸ்போரிலிருந்துதான் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் மறுபடி வளர்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. இழப்பும் மீட்பும் ஒரே தூளில் இருக்கின்றன.

ஐப்பசி மழை தொடங்கியதும் நீங்களும் செய்து பாருங்கள். மே மாத வெயிலில் சுவர் காய்ந்துவிடும். கொதிநீரில் வேகவைத்து ஆறவைத்த செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, ஸ்போரைத் தூவி, கண்ணாடிப் பாத்திரத்தால் மூடி, நேர்வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். சில வாரங்களில் செங்கல் மேல் பச்சை படரும், பிறகு இதய வடிவத் தகடுகள், அதாவது புரோதாலஸ்கள், தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே படத்தை ஒருமுறை வரையுங்கள்.